ஊர் அங்கேயேதான் இருக்கிறது, மாவட்டம் மாறிவிட்டது: படையில் திருநர் பற்றி ஓர் எளிய விளக்கம்

பாலக்கோடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. பத்தாம் நாள் போர் நடந்துகொண்டிருந்தது. பெண்ணாகப் பிறந்து ஆணாகப் போர்க்களம் வந்த சிகண்டி, பீஷ்மர் எதிரே வந்து நின்றதும், பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் காதோடு கேட்டான். "அண்ணா, இவங்க இப்ப இருந்திருந்தா மிலிட்டரில எடுப்பாங்களா?"

அவன் ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிறவன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். "கோர்ட்டே சொல்லியாச்சு, எடுத்துத்தான் ஆகணும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் தடை இருக்குதுப்பா" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் செல்போனைப் பார்த்தபடியே, "அமெரிக்காவுல எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்களாம்" என்றார்.

மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் ஒன்றாவது முழுசாகச் சரியில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ எழுதிவைக்கிறார்கள். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை தன்னை யாராக உணர்கிறது என்பது வேறு விஷயம். அந்த உணர்வுக்குப் பாலின அடையாளம் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு எழுதியதும் உணர்வதும் ஒன்றாக இருப்பதால், இப்படி இரண்டு இருப்பதே தெரிவதில்லை. இரண்டும் பொருந்தாதவர்களுக்குப் பொதுப்பெயர் திருநர். ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. உடலமைப்பே இந்த இரண்டு வகைக்குள் அடங்காமல் பிறப்பவர்களை இடைபாலினத்தவர் என்கிறோம். அது தனி விஷயம், இங்கே அதற்குள் போகவில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில், 1311-ல் மதுரை வரை படை நடத்தி வந்த மாலிக் கபூரையும் திருநர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் ஆண்மை நீக்கப்பட்ட அடிமையாக இருந்து தளபதி ஆனவர். ஒருவர் உடலுக்குப் பிறர் செய்ததையும், ஒருவர் தன்னை உணர்வதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1998-ல் ஓசூரில் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. இன்று அவருடைய ஆதாரில் இருப்பது கிருஷ்ணகிரி. அவர் வீடு மாறவில்லை, ஓசூரும் அங்கேயேதான் இருக்கிறது. "நீ எப்போது மாவட்டம் மாறினாய், வேலையில் சேரும்போது பொய் சொன்னாயா?" என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. அரசாணை இருப்பதால் எந்த அலுவலகமும் இரண்டு தாளையும் ஏற்றுக்கொள்கிறது.

திருநர் பலர் தங்களைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். 'நான் மாறவில்லை, என்னைப் பதிந்ததுதான் தவறு.' உவமை முழுக்கப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். மாவட்டத்தைப் பிரித்தது அரசு, இங்கே சொல்கிறவர் அந்த மனிதரே. சிலர் ஹார்மோன் மருந்து, அறுவை சிகிச்சை என்று உடலையும் தன் அடையாளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். இதைப் பாலின மாற்று சிகிச்சை என்பார்கள். எல்லாரும் செய்துகொள்வதில்லை.

பீஷ்மர் பார்த்ததும் பிறப்புப் பதிவைத்தான். 'பெண்ணாகப் பிறந்தவள்' என்று வில்லைக் கீழே வைத்தார். சிகண்டியைத் தேரில் ஏற்றிய பாண்டவர்கள் பார்த்தது எதிரே நிற்கும் போர்வீரரை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பதிவு ஒன்று, அடையாளம் ஒன்று. படையில் வருகிற சிக்கல்கள் எல்லாம் பதிவை மட்டும் பார்க்கும் ஓர் அமைப்புக்கும் அடையாளத்தோடு வாழும் மனிதருக்கும் நடுவில் வருபவை.

டவுன் பஸ் டிக்கெட்டும் படிவத்தின் கட்டமும்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அப்போது ஒரு திருநங்கை ஏறினால் கண்டக்டர் என்ன செய்வார்? நல்ல மனம் இருந்தாலும் அவர் கையில் இருப்பது இரண்டு வகை டிக்கெட்தான். அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் உண்டு என்று அரசு சொன்னது. அதோடு கண்டக்டரின் குழப்பம் தீர்ந்தது. அவர் மனம் மாறியதா என்று யாரும் ஆராயவில்லை, ஆணையில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான்.

படைகளின் ஆள்சேர்ப்பும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.

'தடை' என்கிறோமே, உண்மையில் 'திருநர் சேரக் கூடாது' என்ற வாசகம் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் கிடையாது. அதில் இருப்பது 12-ஆம் பிரிவு. பெண்கள் ராணுவத்தில் சேரத் தகுதி இல்லை, மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும் பிரிவுகளில் மட்டும் சேரலாம் என்று அது சொல்கிறது. வீட்டின் முன்வாசல் ஆண்களுக்கு. பெண்களுக்கு அரசு அவ்வப்போது ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிடும். 1992-ல் மருத்துவம் அல்லாத சில பிரிவுகளில் பெண் அதிகாரிகள், 2021-ல் பெங்களூரில் பயிற்சி முடித்த 83 பேர் கொண்ட முதல் பெண் ராணுவ போலீஸ் அணி, 2022-ல் தேசியப் பாதுகாப்பு அகாடமி என்று ஜன்னல்கள் திறந்தன. சிலவற்றைத் திறக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

திருநருக்கு அங்கே வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. சட்டம் அவர்களை 'வராதே' என்றுகூடச் சொல்லவில்லை, அவர்கள் இருப்பதையே அது கவனிக்கவில்லை.

ஆண், பெண் என்ற இந்த இரண்டு கட்டம் விண்ணப்பப் படிவத்தோடு முடிவதில்லை. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் ஆண்களுக்கு முழு மதிப்பெண். பெண் ராணுவ போலீசுக்கு அதே தூரத்துக்கு ஏழரை நிமிடம். ஆண்களுக்குப் புல்-அப்ஸ் உண்டு, பெண்களுக்குக் கிடையாது. தங்குமிடம், சீருடை அளவு, உடல் தகுதி அட்டவணை என்று எல்லாமே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதப்பட்டவை. ஒருவர் எந்தப் பத்தியில் என்று தெரியாவிட்டால் அமைப்புக்கு அவரை அளக்கவே தெரியாது.

கோர்ட்டு சொல்லியாச்சே?

சொன்னது உண்மை. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு, மூன்றாம் பாலினத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பின்னால் 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாவட்ட ஆட்சியர் வழியாக அடையாளச் சான்றிதழ் பெற வழி செய்தது. வேலை தருவதில் பாகுபாடு கூடாது என்றும் எழுதியது. (தமிழ்நாடு 2008-லேயே நலவாரியம் அமைத்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

அப்படியென்றால் ராணுவம் தானாகத் திறந்திருக்க வேண்டுமே? இங்கே அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை, கட்டுப்பாட்டுக்காக எவ்வளவு குறைக்கலாம் என்று சட்டம் இயற்ற அது நாடாளுமன்றத்துக்கு அனுமதி தருகிறது. சிப்பாய் சங்கம் வைக்க முடியாததற்கும் இதுதான் அடிப்படை.

பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். 33-ஆம் பிரிவு ஒரு சுவர் கிடையாது, சுவர் கட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு. பெண்கள் விஷயத்தில் அந்தச் சீட்டை வைத்து 12-ஆம் பிரிவு கட்டப்பட்டது. திருநர் விஷயத்தில் கட்டியதாக எழுத்தில் எதுவும் இல்லை, ஆனால் போவதற்குப் பாதையும் இல்லை. 'எடுத்துத்தான் ஆகணும்' என்றவர், 'தடை இருக்கு' என்றவர் இருவருமே அரைகுறையாகச் சரி என்றது இதனால்தான்.

உள்ளே இருந்தவருக்கு நடந்தது

வெளியே நிற்பவரின் கதை படிவத்தோடு நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத்தான் கஷ்டம் அதிகம்.

சபி 2010-ல் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தார். சேர்ந்தபோது பதிவில் ஆண். விசாகப்பட்டினத்தில் கடற்படைப் பொறியியல் பிரிவில் வேலை. 2016-ல் விடுப்பில் இருந்தபோது பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். விஷயம் தெரிந்த பிறகு, பல மாதங்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வைக்கப்பட்டதாக அவரே பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். 2017 அக்டோபரில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். காரணமாக எழுதப்பட்டது, 'சேவை இனித் தேவையில்லை.'

கடற்படையின் வாதம் இதுதான்: சேரும்போது இருந்த பாலின நிலையை அவர் தாமாகவே மாற்றிக்கொண்டார், இருக்கிற விதிகள் அவரைத் தொடர்ந்து வைத்திருக்க இடம் தரவில்லை. சபி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அந்த வாதத்தைக் கோபப்படாமல் பார்த்தால் ஒன்று புரியும். 2017-ல் கடற்படையில் பெண் அதிகாரிகள் இருந்தார்கள், பெண் மாலுமி என்று ஒருவர்கூடக் கிடையாது. முதல் பெண் மாலுமிகளான 273 அக்னிவீர்கள் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்து வெளியே வந்தது 2023 மார்ச்சில். ஆக, சபி ஆணாக இல்லை என்று ஆனதும் அவர் உட்கார ஒரு நாற்காலியே அந்தக் கட்டடத்தில் இல்லை. அவர் வேலை செய்த இயந்திரத்துக்கு அவர் யார் என்பது பொருட்டில்லை. பதவியின் பெயர்ப்பலகைக்குத்தான் அது பொருட்டாக இருந்தது. எனக்கென்னவோ, 2017-ல் எழுதப்பட்ட அந்த வரியை 2023-க்குப் பிறகு அதே காரணத்தோடு எழுத முடியாது என்று தோன்றுகிறது.

மீண்டும் ஒரு சுருக்கம்: இந்தியாவில் திருநர் என்று சொல்லிக்கொண்டு முப்படைகளில் சேரப் பாதை இல்லை. உள்ளே சேர்ந்த பிறகு வெளிப்படையாக வாழ்ந்தால், சேர்ந்த பதவியே காணாமல் போகும் ஆபத்து உண்டு. அதனால் உள்ளே இருக்கக்கூடியவர்கள் வாய் திறப்பதில்லை.

இது நோயா? சண்டைக்கு உதவுவார்களா?

இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுவிடுவது நல்லது, எல்லார் மனதிலும் அதுதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 11-ஆம் பதிப்பு 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திருநராக இருப்பதை அந்தப் பதிப்பு மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பாலியல் நலம் பற்றிய வேறொரு பகுதியில் வைத்திருக்கிறது. அப்படியானால், இதை மனக்கோளாறு என்று சொல்லிக் கழிக்கும் பழைய விதிகளுக்கு மருத்துவ ஆதாரம் போய்விட்டது.

உடல் தகுதி வேறு கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் ஓய்வு வேண்டும், ஹார்மோன் மருந்து தொடர்ந்து வேண்டும். பனிமலை முகாமில் மருந்து கிடைக்குமா என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்த சிப்பாய்க்குப் படை என்ன செய்கிறது? தற்காலிகமாகக் கீழ் மருத்துவ வகையில் போட்டு, லேசான வேலை கொடுத்து, தேறியதும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தகுதியை ஆள் ஆளாகப் பார்க்கும் வழக்கம் படைக்குப் புதிதில்லை.

செலவு பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-ல் கொடுத்தது. அந்நாட்டின் முழுநேரப் படையில் 1,320 முதல் 6,630 வரை திருநர் இருக்கலாம், அவர்களுடைய சிகிச்சையால் படையின் மருத்துவச் செலவு 0.04 முதல் 0.13 சதவீதம் வரை கூடும் என்றது அந்த அறிக்கை. 18 நாடுகளின் படைகளில் திருநர் வெளிப்படையாகப் பணியாற்றுவதாகவும் சொன்னது. நெதர்லாந்து 1974-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

எந்த அளவுகோல்? கொரியாவில் ஒரு டாங்கி ஓட்டுநர்

இரண்டு பத்தி அட்டவணை ஒருவரை எப்படி நசுக்கும் என்பதை தென்கொரியாவின் பியுன் ஹீ-சூவின் கதையைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

அவர் டாங்கி ஓட்டிய இளம் ராணுவ வீரர். 2019 நவம்பரில் தாய்லாந்தில் அறுவை சிகிச்சை. தன் படைப்பிரிவுக்குத் தெரிவித்து, வெளிநாடு போக அனுமதி வாங்கித்தான் போனார். திரும்பியதும் ராணுவ மருத்துவர்கள் ஆணுக்கான அட்டவணையை எடுத்து அளந்தார்கள். ஆண் உறுப்பு இல்லை, எனவே உடல் ஊனம் என்று முடிவு செய்தார்கள். 2020 ஜனவரியில் அவர் வெளியேற்றப்பட்டார். சீருடையோடு பத்திரிகையாளர் முன் வந்து, சல்யூட் அடித்து, பணியில் தொடர விடுங்கள் என்று கேட்டார். அடுத்த மாதமே நீதிமன்றம் அவரைச் சட்டப்படி பெண் என்று பதிவு செய்தது. ராணுவம் அசையவில்லை.

2021 மார்ச்சில் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது இருபத்தைந்தைக்கூடத் தொடவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் தேஜோன் நீதிமன்றம் அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. நீதிமன்றம் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. அவரைப் பெண்ணுக்கான அளவுகோலில் அளந்திருக்க வேண்டும், அப்படி அளந்தால் ஊனம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. 2024-ல் அவருடைய மரணம் பணி சார்ந்த மரணமாக ஏற்கப்பட்டு, அஸ்தி தேசியக் கல்லறையில் வைக்கப்பட்டது.

தாய்லாந்திலேயே வேறொரு வேடிக்கை. 21 வயது ஆண்களுக்கு அங்கே ஏப்ரல் மாதம் சீட்டு எடுப்பார்கள். சிவப்பு வந்தால் ராணுவம், கறுப்பு வந்தால் வீடு. திருநங்கைகளை அனுப்பிவிடுவார்கள், ஆனால் ஒருகாலத்தில் அந்த விடுவிப்புத் தாளில் 'நிரந்தர மனக்கோளாறு' என்று எழுதினார்கள். வேலை தேடும் இடமெல்லாம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். 2011-ல் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த வாசகம் போனது.

அமெரிக்காவில் ஏன் கதவு திறந்து திறந்து மூடுகிறது?

கூத்தில் மூன்றாமவர் சொன்னது இதைத்தான். 2016 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் தடையை நீக்கினார். 2017 ஜூலையில் டிரம்ப் ட்விட்டரில் மறுபடியும் தடை என்றார், வழக்குகளுக்குப் பிறகு 2019 ஏப்ரலில் அது அமலானது. 2021 ஜனவரியில் பைடன் நீக்கினார். 2025 ஜனவரியில் டிரம்ப் திரும்பவும் கொண்டுவந்தார். வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்தலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

காரணம் எளியது. இவை எதுவும் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, நிர்வாக ஆணைகள். சட்டத்தை மாற்ற இரு அவையும் வேண்டும், ஆணையை மாற்ற அடுத்து வருபவரின் ஒரு கையெழுத்து போதும். வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் கடற்படை விமானி எமிலி ஷில்லிங். 60-க்கும் மேற்பட்ட போர்ப் பறப்புகள் முடித்தவர், ஏறக்குறைய 20 ஆண்டு சேவை. 2016-ல் 'சொல்லலாம்' என்றார்களே என்று நம்பிச் சொன்னவர்கள்தான் 2025-ல் வெளியேற்றும் ஆணையில் முதலில் சிக்கினார்கள். 'எல்லாரையும் அனுப்பிட்டாங்க' என்பதைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

காக்கி வேறு, பச்சை வேறு

நம் ஊரில் சீருடை போட்ட எல்லாரையும் மிலிட்டரிக்காரர் என்கிறோம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். 2020-ல் உள்துறை, அதிகாரி பதவிகளுக்குத் திருநரை எடுக்கலாமா என்று இந்தத் துணைப் படைகளிடம் கருத்துக் கேட்டது. 'ராணுவத்தில் எடுக்கப் போறாங்க' என்று அப்போது பரவிய செய்தி அதிலிருந்து வந்தது.

போலீஸ் மாநில அரசின் கையில். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோதும் படிவத்தில் இரண்டே கட்டம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017 ஏப்ரலில் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 2021-ல் சத்தீஸ்கர் ஒரே நேரத்தில் 13 திருநரைக் காவலர்களாகத் தேர்ந்தெடுத்தது. ராணுவத்துக்கு முடியாது என்று சொல்லப்படும் தங்குமிடம், பயிற்சி, உடல் தேர்வு எல்லாம் இங்கேயும் இருந்தன.

அன்று இரவு அந்தப் பையனுக்கு இதில் கால்வாசிகூட நான் சொல்லவில்லை. பீஷ்மர் சாய்ந்துவிட்டார், மத்தளச் சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. விடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவனே மறுபடி ஆரம்பித்தான். கேட்டது தனக்காக இல்லையாம், மைதானத்தில் கூட ஓடுகிற ஒருவருக்காகவாம். நேரம் எவ்வளவு என்று கேட்டேன். 1.6 கிலோமீட்டர் ஐந்து நிமிடம் நாற்பது என்றான். போலீஸ் தேர்வுக்குப் போடச் சொல், அதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸில் திருநர் அடையாளச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல் என்றேன். "எத்தனை போட்டோண்ணா வேணும்?" என்று கேட்டான்.